மதிக்குப் பதில் க்ளாட்வின்

மே 2, செவ்வாய்

சீசன் தொடங்கும் முன்பே தலையில் இடி விழுந்தது. மதியை மாற்றிவிட்டார்கள்.

காலை பத்தரைக்கு நான் வேலை பார்க்கும் லாரி எடைமேடையில் உளுந்து லோடு ஏறி நின்றபோது சாமிதாஸ் போனில் கத்தினான். "அண்ணாச்சி, ஒங்க மருமவன தூத்துக்குடிக்குத் தூக்கிக் குடுத்துட்டாவ! பதிலுக்கு க்ளாட்வின் வாரானாம். தனுஷ்கோடிக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

தனுஷ்கோடி எங்கள் கரிசல் லெவன்ஸ் ஹாக்கி கிளப்பின் செயலாளர். மதிவாணன் என் அக்கா மகன், நாலு வருஷமாக எங்கள் ரைட் விங், வலது ஓரத்து ஃபார்வேர்ட். போன சீசனில் மட்டும் பதினோரு கோல். லீக் விதிப்படி மே முதல் வாரம்வரை கிளப்புகள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கோவில்பட்டிப் பையனைத் தூக்கி வெளியூருக்குக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் மைதானத்தில் கிழக்குப் படியெல்லாம் அமளி. மூன்றாவது படி எங்களுடையது. டவுன் பஸ் கண்டக்டர் சாமிதாஸ், கணக்கு சொல்லிக்கொடுக்கும் ரெங்கநாயகி டீச்சர், நான். பத்து வருஷமாக ஒரே இடம். "நீங்க தாய்மாமன். ஒங்களுக்கே தெரியாதா செண்பகராஜ்?" என்று டீச்சர் கேட்டார். "எனக்கென்ன தெரியும்? என்னையக் கேட்டா செஞ்சாங்க?" என்றேன்.

அக்காவும் அதையேதான் கேட்டாள். தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். "ஒனக்குத் தெரியாம அந்த கிளப்புல ஒரு துரும்பு அசையுமாலே?" சத்தியமாகத் தெரியாது என்றேன். மதி மூன்றரை மணி பஸ்ஸிலேயே போய்விட்டானாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனாலும் க்ளாட்வின்! போன வருஷம் அந்தப் பயல் எங்களுக்கு எதிராக ஆடியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். பெயரை எழுதும்போதே கை துறுதுறுக்கிறது.

மே 4, வியாழன்

க்ளாட்வினின் முதல் பயிற்சி ஆட்டம். புது ஆள் வந்தால் மூன்று பயிற்சி ஆட்டம் முடிகிறவரை கிழக்குப் படி அவனோடு பேசாது. பேசினால் மார்க்கில் பாசம் கலந்துவிடும் என்பது டீச்சர் போட்ட சட்டம். ஓட்டம், பந்துப்பிடி, அடி, பொருத்தம் என்று நாலு தலைப்பு, தலைப்புக்குப் பத்து. தனுஷ்கோடி வெளியே எங்களைக் கேலி பேசுவார். எங்கள் மார்க்கைக் கேட்காமல் ஒருவனையும் களத்தில் இறக்கமாட்டார்.

ஆள் ஒல்லி. கறுப்பு. இருபத்துநாலு வயது. இடது உள்பக்கம், லெஃப்ட் இன்னில் ஆடினான். வாயைத் திறப்பதே இல்லை. பந்து நம்மிடம் இருக்கும்போது சாதாரணமாகத்தான் தெரிகிறான். பந்து பறிபோன அடுத்த நொடி பார்க்கவேண்டும்! மற்ற ஃபார்வேர்டுகள் இடுப்பில் கையை வைத்து நிற்கும்போது இவன் திரும்பி ஓடுகிறான். எதிராளிக்குத் தெரியாமல் பின்னாலிருந்து வந்து, ஸ்டிக்கை நீட்டி, காலில் படாமல் பந்தை மட்டும் உருவி எடுக்கிறான். ஒரே ஆட்டத்தில் ஏழு தடவை. டீச்சர் எண்ணினார்.

"அடிதான் சுமார். ரிவர்ஸ்ல, ஸ்டிக்கத் திருப்பி அடிச்சா பந்து செத்துப்போவுது" என்றார் டீச்சர்.

"கோல் எங்கய்யா? ஒரு கோல் இல்ல. மதினா இந்நேரம் ரெண்டு தள்ளிருப்பான்" என்று சாமிதாஸ் மூக்கால் அழுதான்.

இவனுக்கெல்லாம் கோல் விழுந்தால்தான் ஹாக்கி. பந்து எப்படி வந்தது என்று பார்க்கத் தெரியாது.

மே 7, ஞாயிறு

இரண்டாவது பயிற்சி ஆட்டம். க்ளாட்வின் பந்தை உருவியது ஒன்பது தடவை. அக்கா போனை எடுக்கவில்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

மே 10, புதன்

மூன்றாவது ஆட்டம் முடிந்து மார்க் போட உட்கார்ந்தோம். ஓட்டம் எட்டு, பந்துப்பிடி ஏழு, அடி ஐந்து. இதுவரை சண்டையில்லை. பொருத்தத்தில் வந்தது வினை.

"மூணு" என்றான் சாமிதாஸ். "வலது கைய வெட்டிக் குடுத்துட்டு இன்னொரு இடது கை வாங்கிருக்கோம். நமக்கு லெஃப்ட்ல ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்காம்லா? ரைட்டுல யாரு, ஒங்க தாத்தாவா ஓடுவாரு?"

"ஒம்பது" என்றேன். "எலேய், நம்ம டிஃபன்ஸ் எதுல ஓட்டைன்னு தெரியுமா? பந்து போனா திரும்பி வர ஆளில்ல. மதி திரும்பி வந்து பாத்துருக்கியா? நாலு வருஷத்துல ஒரு தடவ? கோல் போடுவான், சரி. போட்டதுக்கு மேல வாங்கிக் குடுப்பான்."

சொன்ன பிறகுதான் சாமிதாஸ் என்னை ஒரு மாதிரி பார்ப்பது தெரிந்தது. "சொந்த மருமவன அண்ணாச்சி" என்றான் மெதுவாக. ஆட்டம் என்று வந்தால் மருமகனாவது மண்ணாவது என்று சொல்லிச் சமாளித்தேன். டீச்சர் ஆறு போட்டார். யோசித்துத்தான் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

மே 11, வியாழன்

மத்தியானம் எடைமேடைக்கு க்ளாட்வின் வந்தான். மூன்று ஆட்டம் முடிந்துவிட்டதால் பேசலாம். உட்காரச் சொல்லி கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

"அண்ணாச்சிதான மதிக்கு மாமா?" என்றான். ஆமாம் என்றேன். "மதி சொன்னாம். கிழக்க மூணாவது படியில எங்க மாமா இருப்பாவ, ஒன் ஆட்டத்துல எது சரியில்லைன்னாலும் அவியள்ட்ட கேளு, மாமா சொன்னா தப்பாதுன்னாம்."

இருவரும் தினம் போனில் பேசிக்கொள்கிறார்களாம். க்ளாட்வின் தங்கியிருந்த அறையில் இப்போது மதி. மதி ஆடும் பயிற்சி ஆட்டங்களில் நாலு கோல் போட்டிருக்கிறான். முழங்காலில் எப்போதும் கட்டோடு இருக்கிறானா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ரிவர்ஸ் அடிக்கும்போது இடது மணிக்கட்டைத் தளர விடுகிறான் என்று காட்டிக்கொடுத்தேன். நன்றாகக் கேட்டுக்கொண்டான். நல்ல பையன்தான்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. வெயில் அப்படி அடிக்கிறது.

மே 14, ஞாயிறு

லீக் முதல் ஆட்டம். விருதுநகரை 3-1. மூன்று கோலும் க்ளாட்வின் பின்னால் ஓடி உருவிக் கொடுத்த பந்தில் விழுந்தவை. சாமிதாஸ் படியிலிருந்து துள்ளிக் குதித்துச் செருப்பைத் தொலைத்தான். "பொருத்தம் ஏழு! ஏழு போட்டுக்கோங்க டீச்சர்!" என்று கத்தினான். நான் பார்த்துச் சொன்ன ஆள்! உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். என் நோட்டில் நானே பொய் எழுதினால் எப்படி? ஏப்ரல் கடைசியில் தனுஷ்கோடி என்னிடம் கேட்டார். "மதி என்னவே, வேகம் கொறஞ்ச மாதிரி இருக்கு? சோம்பேறித்தனமா?" சோம்பேறி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அவனா சோம்பேறி? ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான். மாற்றியது அவர்.

மே 17, புதன்

அக்கா வந்தாள். பதினைந்து நாள் பேசாதவள், வாயெல்லாம் பல்லாக வந்தாள். கையில் தூக்குச்சட்டி நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு.

ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். வேலையோடு. மதி பெயர் பரிசீலனைப் பட்டியலில் வந்துவிட்டது. 28ஆம் தேதி கோவில்பட்டியில் நமக்கும் தூத்துக்குடிக்கும் நடக்கும் ஆட்டத்துக்குத் தேர்வாளர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். வயது வரம்பு இருபத்தைந்து. மதிக்கு ஆகஸ்டில் முடிகிறது. இதைவிட்டால் இல்லை.

"நல்லதுக்குத்தான் மாத்திருக்காவ போல. நான்தான் புத்தியில்லாம ஒன்னைய ஏசிப்புட்டேன் தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வருஷமாகத் தீக்குச்சி அடுக்கிய கை. மதிக்கு ஆறு வயதாக இருக்கும்போது மச்சான் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தக் கைதான் குடும்பம்.

குழம்பை என்னால் சாப்பிட முடியவில்லை. என் வீட்டுக்காரி ஜோதி கேட்டாள், "ஒங்க அக்கா குழம்புக்கு அடிச்சிக்கிடுவீங்களே, இன்னைக்கு என்ன?" பல்வலி என்றேன்.

முழுதாக எழுதுகிறேன். மார்ச் மாதம் மதி எடைமேடைக்கு வந்து ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினான். வலது முழங்காலில் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. ஆறு மாதம் ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேராக ஓடினால் ஒன்றுமில்லை. இடப்பக்கம் வெட்டித் திரும்பும்போது உடம்பு முழுக்க அந்த முட்டியில் இறங்கும். அப்போது ஒரு தட்டு விழுந்தால் போச்சு. "அம்மாட்ட சொல்லிராதீங்க மாமா. இந்த வருஷம் ரயில்வே வருதாம். அத மட்டும் தாண்டிட்டா ஆபரேஷன் பண்ணிக்கிடுவேன்" என்றான். டாக்டரைத் தவிர என் ஒருவனிடம்தான் சொன்னான்.

தனுஷ்கோடியிடம் நான் சொன்ன "ஒரு வார்த்தை" இதுதான். ஒரு வார்த்தை அல்ல. எந்தக் கால், எந்தப் பக்கம், எப்போது வலிக்கும், எல்லாம் சொன்னேன். பத்தாயிரம் பேர் பார்க்கிற ஆட்டத்தில் நான் மட்டும் கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். அவர் வாயைப் பிளந்து கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மே 20, சனி

தனுஷ்கோடி கூப்பிட்டார். கிளப் அறையில் அவரும் நானும் மட்டும். பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"28ஆந்தேதி நமக்கு டிரா போதும்வே, அரையிறுதி. ஜெயிக்கணும்னு இல்ல. அவனுவள கோல் போட விடாம இருந்தாச் சரி. கோல் போடுதவன் யாரு? ஒம்ம மருமவன்."

அவன் ரைட் விங்கில் வருவான். எங்கள் லெஃப்ட் இன் க்ளாட்வின் அவனுக்குப் பின்னால் ஓடி வருவான். "பய இடப்பக்கம் வெட்டுவாம்லா, வலது கால்ல எடை இறங்குத நேரம், ஸ்டிக்க நீட்டச் சொல்லிருக்கேன். பந்துக்குப் போன மாதிரியே இருக்கும். மிஞ்சிப்போனா பச்சை கார்டு. ரெண்டு நிமிஷம் வெளிய. அவ்வளவுதான?"

"அவன் வாழ்க்கையே போயிரும்வே. அன்னைக்கு ரயில்வே ஆளு வாராங்க" என்றேன்.

"முட்டி செத்தவன ரயில்வேக்காரன் தலையில கட்டப் பாக்கீரா? நானாவது தூத்துக்குடி தலையில கட்டுனேன்." சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "எந்தக் காலு, எந்தப் பக்கம்னு நீருதான சொன்னீரு? யாரு சொன்னான்னு ஒம்ம அக்காவுக்குத் தெரிய வேண்டாம்லா?"

மே 21, ஞாயிறு

சாத்தூரை 2-0. நான் பார்க்கப் போகவில்லை. பல்வலி என்று சாமிதாஸிடமும் சொல்லிவிட்டேன்.

மே 22, திங்கள்

லாரி மேடையில் முழுதாக ஏறும் முன்பே எடைச் சீட்டு அடித்துவிட்டேன். டிரைவர் கண்டபடி ஏசினான். இருபது வருஷத்தில் முதல் தடவை. மதியிடம் சொன்னால் ஆடாமல் இருப்பானா? இருக்கமாட்டான். அவன் ஆடாவிட்டால் வேலை போகும். ஆடினால் முட்டி போகும். சொன்னால் நான் போவேன். மூன்றையும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் தேறவில்லை.

மே 24, புதன்

பயிற்சி பார்க்கப் போனேன். போகாவிட்டால் டீச்சர் வீட்டுக்கே வந்துவிடுவார்.

க்ளாட்வின் ஜூனியர் பையன் ஒருவனைத் துரத்தும் பயிற்சி. தனுஷ்கோடி கோட்டுக்கு வெளியே நின்று "இப்ப! இப்ப!" என்று கத்துகிறார். மூன்று தடவை பையன் கீழே விழுந்தான். மூன்று தடவையும் க்ளாட்வின் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இவன் இப்படி ஆட மாட்டானே. இத்தன நாளு பந்தப் பாத்தான். இன்னைக்குக் காலப் பாக்கான்" என்றார். நோட்டை எடுத்து, பொருத்தத்தில் ஆறை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். "இந்த மாதிரி ஆளு நம்ம டீமுக்கு வேண்டாம்."

"ஒங்களுக்குப் புரியல டீச்சர், அது வேகத்துல நடக்கிறது. அவன் மேல தப்பில்ல" என்று நான் சண்டைக்குப் போனேன். எதற்குப் போனேன்? டீச்சருக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. சாமிதாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முறுக்கு வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

மே 26, வெள்ளி

க்ளாட்வின் தங்கியிருக்கும் லாட்ஜுக்குப் போனேன். பனியனோடு உட்கார்ந்து ஸ்டிக்குக்குப் பிடிநாடா சுற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஞாயித்துக்கிழம அப்படிச் செஞ்சிராத" என்றேன்.

எப்படி என்று அவன் கேட்கவில்லை. சுற்றுவதை நிறுத்தவும் இல்லை. "செயலாளர் சொன்னதச் செய்யலைன்னா அடுத்த வருஷம் எனக்கு டீமே இல்ல அண்ணாச்சி. ஒரு டீமு வேண்டாம்னு தள்ளிவிட்ட ஆளு நானு. ரெண்டாவது டீமும் தள்ளிட்டா யாரு சேத்துக்கிடுவா? அப்பா விசைப்படகுல கூலிக்குப் போறாவ. எனக்கும் வீடு இருக்குல்லா."

அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"நீங்கதான் என்னையக் கேட்டு வாங்குனீங்களாம். செயலாளர் சொன்னாரு. ரெண்டு வருஷமா க்ளாட்வின் க்ளாட்வின்னு உயிர எடுத்தீங்களாம். மதியக் குடுத்தாத்தான் அவன வாங்க முடியும்னு அவரு சொன்னதுக்கு, மதி முட்டி இப்படி இருக்கு, குடுத்துரலாம்னு நீங்கதான் சொன்னீங்களாம்." நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தான். "மதிட்ட நான் சொல்லல. தினம் பேசுதான். சொல்லத் தோணும். சொன்னா அவன் தாங்கமாட்டாம்."

அப்படித்தான் சொன்னேன். அதே வார்த்தைகள். குடுத்துரலாம். பிறத்தியான் வாயில் கேட்கும்போதுதான் தெரிகிறது. லாட்ஜ் படியில் இறங்கி வந்தேன். இவன் செய்துவிடுவான். வேறு வழியில்லாதவன் செய்துவிடுவான். இத்தனை வருஷம் ஆள் பார்த்த கண் இது.

மே 27, சனி

மதி வந்தான்.

அவன் டீம் மத்தியானமே வந்து இறங்கிவிட்டது. அம்மாவைப் பார்த்துவிட்டு நேராக எடைமேடைக்கு வந்தான். ஆள் கொஞ்சம் மெலிந்திருக்கிறான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வலது காலை நீட்டி வைத்துக்கொண்டான்.

"அம்மா கோயிலுக்கு நேந்திருக்கா மாமா. வேல கெடச்சா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவ மாட்டேன்னு சொல்லிட்டா" என்று சிரித்தான். பிறகு, "க்ளாட்வின் எப்படி ஆடுதான்? எங்க கோச் கேக்காரு. நீங்க தினம் பாக்கீங்கல்லா" என்றான்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. போய்த் தொலை என்று அதைத் தள்ளிப் போகச் சொன்னேன்.

சொன்னேன். பந்து போனால் திரும்பி ஓடி வருவான். சத்தமே இருக்காது. பின்னாலிருந்துதான் வருவான். "நீ நாளைக்கு எடப்பக்கம் வெட்டாத. எது நடந்தாலும் வெட்டாத. நேரா ஓடி எண்ட் லைன்லேருந்து க்ராஸ் போடு."

"வெட்டாம எப்படி மாமா? ரைட் விங்கு வெட்டித்தான உள்ள போவணும்? அதத்தான ரயில்வேக்காரங்களும் பாப்பாங்க."

"நான் சொல்லுதேம்லா. பின்னால க்ளாட்வின் இருப்பான். வெட்டாத."

"ஏன் மாமா?"

ஏன் என்று கேட்டு நிறுத்தினான். அவசரப்படவில்லை. சொல்லியிருக்கலாம். மதி, உன் முட்டியை நான்தான் விற்றேன் என்று சொல்லியிருக்கலாம். "ஒன் முட்டிக்கு நல்லதில்லல்லா, அதான்" என்றேன்.

"சரி மாமா" என்று எழுந்தான். வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்புறம் போய்விட்டான்.

எப்படியும் முட்டியைக் காப்பாற்றிவிட்டேன். அது போதாதா?

மே 28, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கூட்டம் அப்படி ஒரு கூட்டம். மேற்கே நாற்காலி போட்டுத் தேர்வாளர்கள் இரண்டு பேர், மடியில் நோட்டு. அக்கா முதல் தடவையாக மைதானத்துக்கு வந்திருந்தாள். எங்கள் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எந்தப் பக்கம் கோல் என்றுகூட அவளுக்குத் தெரியாது. "இப்ப மதி என்ன செய்தான்? அது நல்லதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மதி வெட்டவில்லை. முதல் க்வார்ட்டரில் மூன்று தடவை உள்ளே போக வழி இருந்தது. மூன்று தடவையும் நேராகக் கடைசிக் கோட்டுக்கு ஓடி க்ராஸ் போட்டான். மூன்றும் வீண். "இவனுக்கு என்ன ஆச்சு? பழைய மதி இல்லையே" என்றான் சாமிதாஸ். தேர்வாளர்களில் ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார்.

மூன்றாவது க்வார்ட்டர் முடிய 1-1.

கடைசி க்வார்ட்டரில் ஆறாவது நிமிஷம். மதிக்குப் பந்து கிடைத்தது. எங்கள் லெஃப்ட் ஹாஃபை ஒரே ஓட்டத்தில் தாண்டினான். கோல்கீப்பர் பதறி வலது கம்பத்துக்கு ஓடி வந்துவிட்டான். இடப்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. வெட்டித் திரும்பித் தள்ளினால் கோல். குருடனும் போடுவான். பின்னால் ஒரே ஒருவன். க்ளாட்வின்.

வந்தான். என்ன வேகம்! நாலு எட்டு, மூன்று எட்டு. நான் எழுந்துவிட்டேன். கோட்டுக்கு வெளியே தனுஷ்கோடி "இப்ப!" என்று கத்தியது எனக்கே கேட்டது. இரண்டு எட்டு இருக்கும்போது க்ளாட்வின் நின்றுவிட்டான். ஸ்டிக்கை மேலே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஓடாமல், நடந்தான்.

மதிக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. மைதானம் மொத்தமும் "உள்ள போ, உள்ள போ" என்று அலறுகிறது. நானும் அலறினேன். "வெட்டுலே மதி! வெட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் காதில் விழவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. மாமா சொன்னபடி நேராக ஓடி எண்ட் லைனிலிருந்து க்ராஸ் போட்டான். பந்து கோல்கீப்பர் காலில் பட்டு வெளியே போனது.

மேற்கே ஒருவர் நோட்டை மூடி வைத்தார்.

"அது நல்லதா தம்பி?" என்றாள் அக்கா.

க்ளாட்வினை உடனே வெளியே இழுத்துவிட்டார் தனுஷ்கோடி. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீச்சர் என்னைப் பார்க்காமல் நோட்டைத் திறந்து, இரண்டை அடித்துவிட்டுப் பத்து போட்டார். ஆட்டம் டிரா. நாங்கள் அரையிறுதிக்குப் போய்விட்டோம். கோவில்பட்டியே வெடி போட்டது.

மதியைப் பார்க்க அவர்கள் வேன் நின்ற இடத்துக்குப் போனேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நின்றான். ரயில்வேக்கு அவன் டீமிலிருந்து லெஃப்ட் ஹாஃபை எடுத்திருக்கிறார்களாம். "எனக்கு உள்ள போவத் தெரியலையாம் மாமா. ஒரு பக்க ஆட்டக்காரன்னு எழுதிட்டாங்களாம்."

"மதி, ஒண்ணு சொல்லணும்ல..."

"வேண்டாம் மாமா. எனக்கு மே ரெண்டாந்தேதியே தெரியும். செயலாளர் என் முட்டியச் சொல்லித்தான் மாத்துனாரு. முட்டியப் பத்தி டாக்டர விட்டா ஒங்க ஒருத்தர்ட்டதான் சொன்னேன். வேற யாரு சொல்லிருப்பா?"

"பின்ன நேத்து எதுக்குடா என்கிட்ட வந்து கேட்ட?"

"நீங்களே சொல்லுவீங்கன்னுதான் வந்தேன். எவ்வளவு நேரம் ஒக்காந்திருந்தேன்! சொல்லல." முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டான். "சரி, ஆட்டத்தப் பத்தியாவது மாமா தப்பாச் சொல்ல மாட்டாங்கன்னு நம்பிட்டேன். க்ளாட்வின் நிப்பான்னு ஒங்களுக்குத் தெரியலையே மாமா."

வேன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான். அதற்கப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

மே 29, திங்கள்

எடைமேடை லீவு. படுத்தே கிடந்தேன். ஜோதி டாக்டரிடம் போகலாமா என்றாள்.

மே 31, புதன்

க்ளாட்வினை அரையிறுதிக்கு எடுக்கக்கூடாது என்று தனுஷ்கோடி சொன்னாராம். சாமிதாஸும் டீச்சரும் கிளப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவன் இல்லையென்றால் கிழக்குப் படியில் ஒருவனும் உட்காரமாட்டான் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கடைசியில் அவனை டீமில் சேர்த்துவிட்டார்கள். வாசலில் உட்கார என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை.

காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். ஆபீஸுக்குப் போகச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாம் சொன்னேன். மார்ச்சிலிருந்து. ஒன்றையும் விடவில்லை. குடுத்துரலாம் என்று சொன்னதையும் சொன்னேன்.

அழுவாள், ஏசுவாள், செருப்பை எடுப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் தூக்குச்சட்டியில் சோற்றை வைத்து மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, திறந்து மறுபடி மூடினாள். ஆபீஸ் வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அந்தத் தூத்துக்குடிப் பையன் நல்லா ஆடுதானா?" என்று கேட்டாள்.

"நல்லா ஆடுதான்க்கா" என்றேன்.

"அது போதும்லா ஒனக்கு" என்று சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தாள்.